தின்னரா, தாடியா?

கேள்விக்குறி தன் வீட்டில் ஒரு ரகசியத்தை ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் கட்டிக்காத்தார். ஆறாவது ஞாயிற்றுக்கிழமை அது மனைவியின் மூக்கு வழியாக வெளியே வந்துவிட்டது.

கேள்விக்குறி என்பது அச்சகத்தில் அவருக்கு வைத்த பெயர். அங்கே அவர் பிழை திருத்துபவர். இருபது வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அடுத்தவர் எழுதியதைப் படிக்கிறவர். தப்பாக இருக்கிற வரியைத் திருத்துவார். சரியாக இருக்கிற வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுவார். ஒருமுறை நாள்காட்டி ஒன்றில் பிப்ரவரிக்கு இருபத்தெட்டு நாள் என்று இருந்ததைப் பார்த்து, ‘மீதி எங்கே?’ என்று ஓரத்தில் எழுதி அனுப்பியவர். யோசிக்கும்போது தாடியை இடது கையால் உருவுவார். மார்பு வரைக்கும் வளர்ந்த தாடி. யோசனையும் அதே அளவு நீளம்.

அவருடைய ஒரே கெட்ட பழக்கம் பொம்மை வண்டி செய்வது. பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, சக்கரம் மாட்டி, ஏர்பிரஷ் என்கிற பேனா அளவுத் துப்பாக்கியால் பெயிண்டைப் புகை மாதிரி தூவுவார். இந்த முறை செய்தது தீயணைப்பு வண்டி. உள்ளங்கை நீளம், எட்டு மாத உழைப்பு. ஏணி நீளும், மடங்கும். ஆனால் தண்ணீரில் கலக்கிற சிவப்புப் பெயிண்டை அடித்ததும் வண்டி செங்கல் மாதிரி ஆகிவிட்டது. தீயை அணைக்கப் போகிற வண்டியாகத் தெரியவில்லை. தீயில் மாட்டிக்கொண்ட வண்டியாகத் தெரிந்தது.

“லாக்கர் பெயிண்ட் போடுங்க சார்” என்றார் பொம்மைக் கடைக்காரர். “தின்னர் ஊத்திக் கலந்து அடிங்க. அப்புறம் வண்டியிலயே முகம் பார்த்துத் தலை வாரலாம். ஆனா ஒண்ணு சார், வீட்டுக்குள்ள...”

கேள்விக்குறி அதற்குள் ‘தலை வாரலாம்’ என்கிற இடத்திலேயே மயங்கிவிட்டார். மீதி காதில் ஏறவில்லை.

தின்னர் புட்டியின் மேல் ஒரு எச்சரிக்கை ஒட்டியிருந்தது. ‘எளிதில் தீப்பற்றும். ஆவியைச் சுவாசிக்காதிர்கள். காற்றோட்டமான இடத்தில் மட்டும் பயன்படுத்தவும்.’ கேள்விக்குறி அதை இரண்டு தடவை படித்தார். முகம் சுருங்கியது. சிவப்புப் பேனாவை எடுத்து, ‘திர்கள்’ என்பதை அடித்து ‘தீர்கள்’ என்று திருத்தினார். திருப்தியாகப் புட்டியைத் திறந்தார்.

மனைவி மருந்துக் கடையில் மருந்தாளர். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குப் போனால் ஒரு மணிக்குத்தான் வருவாள். அந்த நான்கு மணி நேரம் சமையலறை கேள்விக்குறியின் தொழிற்சாலை. வீட்டிலேயே நல்ல வெளிச்சம் அங்கேதான். ஈரப் பெயிண்டில் தூசி விழக் கூடாது என்று ஜன்னலைச் சாத்திவிடுவார். முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொள்வார். தாடியின் மேல் அது பந்தல் மாதிரி நிற்கும். பன்னிரண்டரைக்கு எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரணில் ஏற்றிவிட்டு ஒரு தடவை மூச்சை இழுத்துப் பார்ப்பார். வாசனையே இருக்காது. ‘பலே’ என்று தன்னையே பாராட்டிக்கொள்வார்.

மனைவிக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் தலைவலி வந்தது.

“கண்ணாக இருக்கும்” என்றார் கேள்விக்குறி மூன்றாவது வாரம். “நாள் பூரா மாத்திரை அட்டையில பொடி எழுத்தைப் படிக்கிறே. கண்ணைக் காட்டு.”

காட்டினாள். அரைப் புள்ளி வித்தியாசம் என்று கண்ணாடி மாற்றிக் கொடுத்தார்கள். கேள்விக்குறி கூடவே போய் ஃப்ரேம் எல்லாம் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுக் கண்ணாடியோடு தலைவலி வந்தது.

இந்த லட்சணத்தில், ஐந்தாவது வாரம் செவ்வாய்க்கிழமை, பால்கனியில் நின்று பொம்மைக் கடைக்கு ஃபோன் பேசினார். “லாக்கர் வந்துருச்சா? சிவப்புதானே? ரெண்டு எடுத்து வைங்க. வீட்டுக்கெல்லாம் ஃபோன் போடாதீங்க, நானே வந்து வாங்கிக்கிறேன்.”

திரும்பினால் துணி உலர்த்துகிற கொடிக்குப் பின்னால் மனைவி.

“யாருங்க ஃபோன்ல?”

“அச்சகம்.”

“அச்சகத்துல லாக்கர் இருக்கா?”

“இருக்கே. முக்கியமானதெல்லாம் வச்சுப் பூட்ட.”

“சிவப்பா ரெண்டுன்னீங்க?”

“அது... மை. சிவப்பு மை.”

“மையை யாருங்க லாக்கர்ல வச்சுப் பூட்டுறாங்க?”

“காலம் கெட்டுக் கிடக்கும்மா.”

அவள் மேலே கேட்கவில்லை. ஒரு விதமாகச் சிரித்துவிட்டு உள்ளே போனாள். அடுத்த நாலு நாளும் கேட்காமலேயே காபி வந்தது. சட்டைக்குப் பட்டன் தைத்திருந்தது. கேள்விக்குறி தாடியை உருவ ஆரம்பித்தார். சந்தேகப்பட வேண்டியவள் சந்தேகப்படாமல் இருந்தால் என்ன அர்த்தம்?

ஆறாவது ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணி. அன்றைய முதல் கோட் அடித்தாகிவிட்டது. தீயணைப்பு வண்டி ஈரச் சிவப்பில் மின்னியது. அதன் கதவில் தன் தாடியின் நுனியைப் பார்த்துவிட்டார் கேள்விக்குறி. சந்தோஷத்தில் ஒரு காபி போட்டுக் குடிக்கலாம் என்று அடுப்பின் குமிழில் ஒரு கையை வைத்தார். இன்னொரு கையில் லைட்டரை எடுத்தார்.

“லைட்டரைக் கீழ வைங்க.”

வாசலில் மனைவி. கடையில் அன்றைக்கு மின்சாரம் இல்லை என்று சீக்கிரம் மூடிவிட்டார்கள். குரல் உயரவே இல்லை. குழந்தை கையில் கத்தியைப் பார்த்தவர்கள் பேசுகிற குரல்.

கேள்விக்குறி லைட்டரைக் கீழே வைத்தார்.

“குமிழ்ல இருந்து கையை எடுங்க.”

எடுத்தார்.

“வாசனை போகணும்னா ஃபேனைப் போடட்டுமா?”

“சுவிட்சைத் தொடாதீங்க!”

அவளே ஜன்னல்களைத் திறந்தாள். கதவைத் திறந்தாள். புட்டியை மூடி, நனைந்த துணியோடு பால்கனிக்குக் கொண்டு போனாள். கணவரையும் கொண்டு போனாள். வெளிக்காற்றில் நின்ற பிறகுதான் கேள்விக்குறிக்கு உறைத்தது. அடுப்பைப் பற்றவைத்திருந்தால்? அதை நினைக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“எனக்கு எந்த வாசனையும் வரலையே” என்றார், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

“உள்ளயே இருந்தா மூக்கு பழகி மரத்துப்போயிடும். வெளியில இருந்து வர்றவளுக்குப் படிக்கட்டுலயே அடிக்குது.” புட்டியைத் திருப்பிப் பார்த்தாள். “இதுல என்ன சிவப்பு இங்க்?”

“எழுத்துப் பிழை. திருத்தினேன்.”

“திருத்தினீங்க. என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?”

கேள்விக்குறி அந்தப் புட்டியை முதல் தடவையாகப் படித்தார்.

மனைவி தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவர் முன்னால் நீட்டினாள். “இது எதுக்குங்க?”

கேள்விக்குறி ஃப்ரேமையே பார்த்தார்.

“கண்ணைக் காட்டுன்னு சொன்னது யாரு?”

“நான்தான்.”

“கூட வந்து ஃப்ரேம் எடுத்துக் குடுத்தது யாரு?”

“நான்தான். ஆனா அந்த ஃப்ரேம் உனக்கு ரொம்ப...”

“நல்லாத்தான் இருக்கு. அது வேற.” மறுபடி மாட்டிக்கொண்டாள். “லாக்கர், சிவப்பு, ரெண்டுன்னதும் எனக்குச் சிவப்புக்கல் தோடு வாங்கி ஒளிச்சு வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன். நாலு நாளா உங்க மேல பாசமா வேற இருந்து தொலைச்சேன்.”

கேள்விக்குறியின் சாயம் சுத்தமாக வெளுத்தது. விரல் நுனியில் மட்டும் சிவப்பு மிச்சம்.

புயல் அடிக்கும் என்று சாயங்காலம் வரை காத்திருந்தார். அடிக்கவில்லை. ஐந்து மணிக்குக் காபிதான் வந்தது.

“பெயிண்ட் அடிச்சுக்கோங்க” என்றாள் மனைவி. “வேணாம்னு நான் சொல்லலை. ஆனா அடிக்கிறதை ஒழுங்கா அடிங்க.”

கேள்விக்குறியின் கை தானாகத் தாடிக்குப் போனது. பன்னிரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் இவ்வளவு பெரிய தப்புக்கு இவ்வளவு சின்ன வாக்கியம் வந்ததே இல்லை. எங்கேயோ ஒரு பொடி எழுத்து இருக்கிறது. கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினார்.

மாடி வீட்டில் ஒரு கார் பெயிண்டர் இருந்தார். பட்டறையில் இருபது வருஷமாக நிஜக் கார்களுக்குப் பெயிண்ட் தூவுகிறவர். கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி மழுமழு முகம். மறுநாளே மனைவி அவரை அழைத்து வந்துவிட்டாள்.

“அண்ணே, இவர் அடிக்கணும்னா என்னென்ன வேணும்னு சொல்லுங்க.”

“முதல்ல சமையலறை கூடவே கூடாது சார். நெருப்பு, பொறி எதுவும் பக்கத்துல ஆகாது. தனி ரூம் வேணும். அடிக்கிற புகையெல்லாம் வெளியே போற மாதிரி ஃபேன் வேணும்.”

“பின்னாடி ரூம் இருக்குல்ல?” என்றாள் மனைவி.

கேள்விக்குறி காதைத் தீட்டிக்கொண்டார். பின் அறை முழுக்க அவர் திருத்திய பழைய புரூஃப் தாள் கட்டுகள். கல்யாணமானதிலிருந்து ஒரு தாளைக்கூட எறிந்ததில்லை. அந்த அறைக்கு ஜன்னல் உண்டு என்று வீட்டு உரிமையாளர் சொல்லித்தான் தெரியும்.

ஓஹோ. ரூமைக் காலி பண்ணவா இந்த நாடகம்? தாடியை இரண்டு உருவு உருவிப் பார்த்தார். இல்லை, இது வெளிப்படையாக இருக்கிறது. வெளிப்படையாக இருப்பது சூழ்ச்சியாக இருக்க முடியாது. சூழ்ச்சி இதற்குப் பின்னால் எங்கேயோ இருக்கிறது. இதை ஒப்புக்கொண்டு, அதைப் பிடிக்க வேண்டும்.

மூன்று வாரம் கட்டுகளைச் சுமந்தார். பழைய பேப்பர்காரர் நாலு நடை வந்து போனார். ஜன்னல் நிஜமாகவே இருந்தது. அதன் துருவைச் சுரண்டினார். சுவருக்கு வெள்ளை அடித்தார். முதுகு வில்லாக வளைந்தது. கேள்விக்குறி பெயருக்கேற்ற வடிவத்துக்கு வந்தார்.

“ஃபேன் சும்மா ஃபேன் கிடையாது” என்றார் கார் பெயிண்டர். “சாதா மோட்டார்ல பொறி பறக்கும். தின்னர் ஆவி அது வழியாப் போனா ஆபத்து. மோட்டார் ஆவி பாதையில படாத மாதிரி ஒண்ணு இருக்கு. அதைத்தான் போடணும்.”

கேள்விக்குறி மூன்று கடை ஏறி விசாரித்தார். நிஜம்தான். வாங்கி மாட்டினார்.

“துணியை நனைச்சு மூலையில போடக் கூடாது. மூடி போட்ட இரும்பு டப்பாவில போடணும்.”

இதற்கும் விசாரித்தார். நிஜம்.

“கைக்கு நைட்ரைல் ரப்பர் கையுறை.”

அதையும் மனைவியின் கடையிலேயே வாங்காமல், எதற்கும் இருக்கட்டும் என்று வேறு கடையில் கேட்டார். அவர்களும் அதையே எடுத்துக் கொடுத்தார்கள். கேள்விக்குறிக்கு ஏமாற்றமாக இருந்தது. இத்தனை வரி படித்தும் ஒரு பிழைகூட அகப்படவில்லையே.

நாலாவது வாரம் மனைவி ஒரு பெட்டியை மேஜையில் வைத்தாள். “கடைசி அயிட்டம். மாஸ்க்.”

பன்றி மூக்கு மாதிரி இரண்டு பக்கமும் வட்டமான டப்பா வைத்த ரப்பர் முகமூடி. கைக்குட்டையும் தூசி மாஸ்க்கும் தின்னர் ஆவிக்கு எந்த மூலைக்கு, இந்த டப்பாக்களில் இருக்கிற கரிதான் ஆவியைப் பிடிக்கும் என்று கார் பெயிண்டர் விளக்கினார். “போட்டுட்டு ரெண்டு டப்பாவையும் உள்ளங்கையால மூடுங்க. மூச்சை இழுங்க. மாஸ்க் முகத்தோட கப்புன்னு ஒட்டணும்.”

கேள்விக்குறி மாட்டினார். மூடினார். இழுத்தார்.

ஒட்டவில்லை. காற்று தாடி வழியாகப் புஸ்ஸென்று ஜாலியாகப் போய்வந்தது.

“வாரை இறுக்குங்க.”

இறுக்கினார். காது சிவந்தது. புஸ்.

“வாஸ்லின் தடவிப் பார்க்கட்டுமா?”

“அதெல்லாம் தப்பு சார். மயிர் இருந்தா ரப்பர் தோல்ல ஒட்டாது. ஒட்டலைன்னா மாஸ்க் போட்டும் போடாத மாதிரிதான்.” கார் பெயிண்டர் தன் மழுமழு தாடையைத் தடவிக்கொண்டார். “எனக்கு மட்டும் தாடி ஆசை இல்லையா சார்? தாடியா, தின்னரா, ரெண்டுல ஒண்ணுதான்.”

மனைவி ஜன்னலுக்கு வெளியே எதையோ கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேள்விக்குறியின் மூளையில் பட்டென்று விளக்கு எரிந்தது. அகப்பட்டது பிழை! தனி அறை, ஃபேன், டப்பா, கையுறை எல்லாம் வெறும் முன்னுரை. விஷயம் இங்கே இருக்கிறது. எட்டு வருஷத்துக்கு முன்னால் தாடி முளைத்த புதிதில், “உங்க முகத்தை எங்க வச்சீங்க?” என்று இவள் ஒரு தடவை கேட்டாளே! அதை மனசில் வைத்திருந்து, சமயம் பார்த்து, ஒரு கார் பெயிண்டரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு...

மாஸ்க்கைக் கழற்றி மேஜையில் வைத்தார். கார் பெயிண்டர் நைசாக மாடிக்குக் கம்பி நீட்டினார்.

“புரிஞ்சுபோச்சு” என்றார் கேள்விக்குறி.

“என்னங்க புரிஞ்சுது?”

“எல்லாம் புரிஞ்சுது. காபியெல்லாம் குடுத்து, அடிச்சுக்கோங்கன்னு சொன்னப்பவே எனக்கு மூக்குல வேர்த்துது.”

“சொல்றதைக் கேளுங்க. தாடிதானே? எடுத்தா ஒரு மாசத்துல வளர்ந்துட்டுப்போகுது.”

“பார்த்தியா! பார்த்தியா! வாயிலயே வந்துருச்சு!”

“அந்த வண்டியை நினைச்சுப் பாருங்க. எட்டு மாசம் பாடுபட்டீங்க. லாக்கர் அடிச்சா முகம் பார்க்கலாமே.”

“பார்க்கிறதுக்கு முகத்துல தாடி இருக்கணும்ல?”

“அதுவும் நீங்க போய் ஒரு தாடிக்காக ஆசைப்பட்டதை விடுறதா? உங்களால அது முடியாதுங்க.”

அந்த ‘முடியாது’ கேள்விக்குறியின் ரத்தத்தைக் கொதிக்கவைத்தது. “முடியாதா? யாரால முடியாது? இருபது வருஷம் அடுத்தவன் எழுத்தையே திருத்தினவன் நான். நீ எழுதினதைத் திருத்த மாட்டேனா?” என்றார். உடனே பரண் மேல் ஏறினார். புட்டி புட்டியாகத் தின்னரை இறக்கினார். லாக்கர் பெயிண்டையும் இறக்கினார். ஒன்றையும் சாக்கடையில் ஊற்றக் கூடாது என்று கார் பெயிண்டர் சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது. பெட்டியில் அடுக்கி மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், “பட்டறைக்கு எடுத்துட்டுப் போயிடுங்க. இனிமே என் வீட்டுக்குள்ள தின்னர் வாசல் தாண்டாது. இது என் தாடி மேல ஆணை!” என்று முழங்கிவிட்டு இறங்கினார்.

“நல்லா யோசிச்சுக்கோங்க” என்றாள் மனைவி வருத்தமாக. “அப்புறம் மனசு மாறினா?”

“மாறாது. எழுதிக் குடுக்கணுமா?”

“குடுத்தா நல்லது.”

எழுதியே கொடுத்தார். ‘தின்னர் சம்பந்தப்பட்ட எதையும் இந்த வீட்டுக்குள் கொண்டுவர மாட்டேன்.’ தானே ஒரு தடவை பிழை பார்த்து, கையெழுத்தும் போட்டார். பிழையில்லை. அவள் அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை. வெள்ளையடித்த பின் அறையில் காற்று சிலுசிலுவென்று வந்தது. ஃபேன் ஓடியது. ஜன்னலோரம் மனைவி ஒரு நாற்காலியைப் போட்டு, காலை நீட்டி, பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவளுக்கு விடுமுறை. இப்போதெல்லாம் தலைவலியும் விடுமுறையில் போய்விட்டது. கேள்விக்குறி தூசி ஒட்டிப்போன லாக்கரைத் தேய்த்து எடுத்துவிட்டு, தண்ணீர்ப் பெயிண்டை இரண்டு கோட் மெல்லிசாக அடித்து, அதன் மேல் பளபளப்புக்கு ஒரு கோட் தூவிக்கொண்டிருந்தார். வண்டி செங்கல் நிலையிலிருந்து தக்காளி நிலைக்கு வந்திருந்தது. முகம் பார்க்க முடியாவிட்டாலும் நிழல் பார்க்கலாம். தாடி மார்பில் வெற்றிக்கொடி மாதிரி அசைந்தது.

சும்மா இருக்க முடியவில்லை அவருக்கு.

“நான் கொஞ்சம் அசந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?” என்றார்.

“எதுங்க?”

“நடிக்காதே. என் தாடியை எடுக்க வைக்கத்தானே இவ்வளவும் பண்ணினே? கடைசியில பலிச்சுதா?”

மனைவி பத்திரிகையைத் தாழ்த்தினாள். புதுக் கண்ணாடி வழியாக அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“தாடி உங்களுக்கு நல்லாத்தாங்க இருக்கு. உயிரே போனாலும் அதை எடுக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சுதானே, அந்த மாஸ்க்கையே வாங்கினேன்” என்று சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.